மே மாதத்தை மே மாதத்தோடு ஒப்பிடுவோம்



சென்னையை அடுத்த சென்னீர்குப்பம், பூந்தமல்லிப் பக்கம் போர்வெல் தண்ணீரை நம்பி வாழும் வீடுகளுக்கெல்லாம் ஒரு கேள்வி உண்டு. தண்ணீரில் வருஷத்துக்கு வருஷம் உப்பு ஏறுகிறதா, இல்லையா?

நாக்கை மட்டும் நம்பி இதற்குப் பதில் சொல்ல முடியாது. பல கிணறுகளில் கோடையில் உப்புக் கரிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கரிப்பு குறையும். ஜனவரியில் எடுத்த அளவையும் மே மாத அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிவது பருவத்தின் மாற்றம்தான். மே மாதத்தை மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ராபர்ட் ஹிர்ஷும் அவருடைய சகாக்களும் 1982இல் வெளியிட்ட பருவவாரிக் கெண்டால் சோதனைக்கு இதுவே அடிப்படை.

கணக்கு எளிது. உதாரணத்துக்கு, ஐந்து மே மாதங்களில் ஒரு கிணற்றின் கரைந்த உப்பு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 900, 980, 940, 1050, 1100 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆண்டையும் அதற்குப் பின்வந்த ஒவ்வோர் ஆண்டோடும் ஒப்பிட்டால் பத்து ஜோடிகள் கிடைக்கும். ஒன்பதில் ஏற்றம், ஒன்றில் இறக்கம். இந்த ஐந்து எண்களையும் 120 விதமாக வரிசைப்படுத்தலாம். அவற்றில் ஒன்பது ஏற்றமோ அதற்கு மேலோ வருவது ஐந்தில் மட்டுமே. ஆகவே இது தற்செயலாக நேர்ந்திருக்க வாய்ப்பு குறைவு. மான், கெண்டால் என்ற இரு அறிஞர்களின் பெயரால் வழங்கும் சோதனை இதுதான். பத்து ஆண்டு அளவுகள் கையில் இருந்தால் முடிவு இன்னும் உறுதிப்படும்.

ஏற்றம் எவ்வளவு வேகம்? கல்கத்தாவில் பயின்ற பிரணாப் குமார் சென் 1968இல் அதற்கு வழி சொன்னார். ஒவ்வொரு ஜோடிக்கும் ஆண்டுக்கு எவ்வளவு மாற்றம் என்று கணக்கிட்டு, வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் மதிப்பை எடுக்க வேண்டும். நம் உதாரணத்தில் அது ஆண்டுக்கு 50 மில்லிகிராம். 2015 வெள்ளம், 2019 வறட்சி போன்ற ஓர் அசாதாரண ஆண்டு சராசரியைப் புரட்டிவிடும். நடு மதிப்பை அவ்வளவு எளிதில் அசைக்காது.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் டி.டி.எஸ். 500க்குள் இருப்பது நல்லது. வேறு நீராதாரமே இல்லாவிட்டால் 2000 வரை அனுமதி உண்டு. வரம்பைத் தாண்டும் வரை காத்திராமல், ஏறும் போக்கை முன்கூட்டியே காட்டுவதுதான் இந்தக் கணக்கின் பயன். ஏன் ஏறுகிறது என்பதை அது சொல்லாது. அதைக் களத்தில்தான் தேட வேண்டும். கிருமி, நைட்ரேட் ஆகியவற்றுக்கு ஆய்வகப் பரிசோதனையும் தேவை.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் ஒரு போர்வெல்லைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டுதோறும் மே மாதத்திலும் ஜனவரியிலும், அதே மீட்டரில், மோட்டாரைச் சற்று நேரம் ஓடவிட்டு, டி.டி.எஸ். அளந்து தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். நோட்டைப் பத்திரமாக வையுங்கள். ஊராட்சியிடமோ அதிகாரிகளிடமோ பேசப் போகும்போது, பத்து ஆண்டுக் கணக்கோடு போகும் ஊரின் குரல் எடுபடும்.