கல் எடுத்த பிறகு

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனை ஊழியர் சார்பில் ஆற்றிய உரை)



நீங்கள் அன்போடு அனுப்பும் காணிக்கை என்ன பலன் தந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சிறுநீரகக் கல்லுக்குச் செய்யப்படும் சிறுதுளை அறுவைச் சிகிச்சையைக் குறித்து அந்தக் கணக்கை இன்று ஒப்புவிக்க விரும்புகிறோம். நிறைவை மட்டுமல்ல, குறையையும் சொல்லுவோம்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஒருமுறை பயணம் செய்து பாருங்கள். ஏரியும் வயலுமாக இருந்த பகுதி அது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் இன்னொரு பெரிய கார் ஆலை திறக்கப்பட்டது. அவற்றைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகள் பெருகின. நமது தென் மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்த வாலிபர்கள் வாடகை அறைகளில் தங்கி ஷிப்டு முறையில் உழைக்கிறார்கள்.

உலைக்கு அருகிலும், வெல்டிங் செய்யும் இடத்திலும், தகரக் கூரையின் கீழும் நிற்கிறவருக்கு உடம்பின் நீர் வேர்வையாகவே போய்விடுகிறது. வேலையை விட்டு அடிக்கடி கழிப்பறைக்குப் போக முடியாது என்று சிலர் தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறார்கள். அப்போது சிறுநீர் அளவில் குறைந்து அடர்த்தியாகிறது. அதில் கரைந்திருக்கும் உப்புகள் படிந்து கல்லாகின்றன.

இது எங்கள் ஊகமல்ல. பிரேசிலில் ஓர் உருக்காலையின் 10,326 தொழிலாளரை ஆராய்ந்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவரில் 100-க்கு 8 பேருக்குக் கல் இருந்தது; சாதாரண வெப்பநிலையில் இருந்தவரில் 100-க்கு ஒருவருக்கும் குறைவு. தென்னிந்திய உருக்காலை ஒன்றில் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. அறிகுறி இருந்த 91 பேருக்கு ஸ்கேன் எடுத்தபோது, நூற்றுக்கு 27 பேர் வீதம் கல் காணப்பட்டது.

முற்காலத்தில் பெரிய கல் என்றால் விலாவின் ஓரம் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிக்க வேண்டும். தினக்கூலிக்காரர் பல வாரங்கள் வேலைக்குப் போக முடியாது. 1976-ல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர்களான ஃபெர்ன்ஸ்ட்ரோமும் யோஹான்சனும், முதுகுப்புறத்தில் இட்ட சிறு துளை வழியாகவே கல்லை எடுக்கலாம் என்று காட்டினார்கள். 1980-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில், வெட்டாமலே அதிர்வலையால் கல்லை நொறுக்கும் சிகிச்சை தொடங்கியது. இன்று சிறுநீர்ப் பாதை வழியாகவே மெல்லிய குழாயைச் செலுத்தி லேசரால் கல்லைப் பொடியாக்குகிறோம். இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல்லுக்குப் பெரும்பாலும் முதுகுத் துளைதான் ஏற்றது. துளையின் அகலம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். இப்போது அதைவிடச் சிறிய துளையும் போதுகிறது.

பலன் எப்படி? பல நாடுகளைச் சேர்ந்த 96 மருத்துவமனைகள் 5,803 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்து 2011-ல் வெளியிட்டன. முதுகுத் துளைச் சிகிச்சையில் நூற்றுக்கு ஏறக்குறைய 76 பேருக்குக் கல் முழுவதும் நீங்கியது. ஏறக்குறைய 6 பேருக்கு இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. ஏறக்குறைய 10 பேருக்குக் காய்ச்சல் வந்தது. ஆகவே துளை சிறியதானாலும், சிகிச்சையைச் சிறியதென்று எண்ணக் கூடாது. நூற்றில் கால் பங்கினருக்குத் துண்டு ஏதாவது தங்கிவிடுகிறது என்பதையும் நோயாளியிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் அதிகம் கவலைப்படுவது அறுவை அரங்கில் நடப்பதைப் பற்றியல்ல, வீட்டுக்குப் போன பின் நடப்பதைப் பற்றியே. கல்லை எடுத்த பின், சிறுநீர் தடையில்லாமல் இறங்க, சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை அநேகருக்கு வைக்கிறோம். சில வாரங்களில் அதை எடுத்துவிட வேண்டும். வெளிமாநில வாலிபர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வலி போய்விட்டது, ஒப்பந்த வேலையும் முடிந்துவிட்டது. ரயிலேறி ஊருக்குப் போய்விடுகிறார். உள்ளே குழாய் இருப்பதே அவருக்கு மறந்துபோகிறது. மாதங்கள் செல்லச் செல்ல அதன்மேலேயே கல் படிகிறது, கிருமி தொற்றுகிறது. கவனியாமல் விட்டால் அந்தச் சிறுநீரகமே கெட்டுப்போகக்கூடும். அறுவைச் சிகிச்சை வெற்றி என்று நாம் எழுதி வைத்த ஏட்டில், இந்த இழப்பு எங்கே எழுதப்படும்?

இன்னொன்று, கல் திரும்பி வருவது. தடுக்க ஒன்றும் செய்யாவிட்டால் பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடியும் கல் வருகிறது. இதற்கு மருந்து மிக எளியது. இத்தாலியில், முதன்முறை கல் வந்த 199 பேரை ஐந்து ஆண்டுகள் கவனித்து 1996-ல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் கழியும்படி தண்ணீர் குடிக்கச் சொல்லப்பட்ட 99 பேரில் 12 பேருக்கே கல் திரும்பியது. அப்படிச் சொல்லப்படாத 100 பேரில் 27 பேருக்குத் திரும்பியது. எந்தக் கருவியும் தராத பலனை ஒரு குடம் தண்ணீர் தந்திருக்கிறது.

எனவே நாங்கள் உங்களிடம் கேட்பது இதுதான். ஒரு நோயாளியின் அறுவைச் சிகிச்சைக்கு உதவும்போது, ஸ்டென்ட் எடுக்க அவர் திரும்பி வரும் பயணச் செலவையும், பின்னர் எடுக்கும் ஒரு ஸ்கேன் செலவையும் சேர்த்தே எண்ணுங்கள். ஸ்டென்ட் எடுக்க வேண்டிய நாளை அவருடைய தாய்மொழியில் எழுதிக் கொடுத்து, தொலைபேசியில் அழைத்து நினைவூட்டும் ஊழியரையும் தாங்குங்கள். உங்களில் தொழிற்சாலை நிர்வாகத்தில் இருப்பவர்கள், வேலை செய்கிறவர் கைக்கெட்டும் தூரத்தில் குடிநீரும், தடையின்றிக் கழிப்பறைக்குப் போக நேரமும் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஆலை வாசலிலேயே அநேகரை எங்கள் கட்டிலுக்கு வராமல் காக்க உங்களால் முடியும்.

கல் வெளியே வந்த நாளில் எங்கள் வேலை பாதிதான் முடிகிறது. மற்றப் பாதியையும் உங்களோடு சேர்ந்து முடிக்க விரும்புகிறோம்.