"வந்ததை அனுப்பினேன்" என்பது பதிலாகுமா?



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியது. அவனது அருளும் சாந்தியும் நம் தலைவர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட விடயம் நம் ஒவ்வொருவரின் கையிலும் இருக்கும் கையடக்கத் தொலைபேசியைப் பற்றியது. தொலைபேசி ஹலாலா, ஹராமா என்ற விவாதத்திற்கு நான் வரவில்லை. கத்தியால் காய்கறியும் நறுக்கலாம், கையையும் அறுத்துக்கொள்ளலாம் என்பது நீங்கள் பலமுறை கேட்ட உவமை. அதை விட்டுவிட்டு, நம் மத்தியில் மிகச் சாதாரணமாக உலவுகின்ற ஒரு வார்த்தையை மட்டும் சற்று நிதானமாகச் சிந்தித்துப் பார்ப்போம்.

வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி வருகிறது. அதன் கீழே, "உண்மையா பொய்யா தெரியாது, எனக்கு வந்ததை அப்படியே அனுப்புகிறேன்" என்று எழுதப்பட்டிருக்கும். பின்னர் அது பொய் என்று தெரியவந்தால், "நானா சொன்னேன்? வந்ததை அனுப்பினேன்" என்று கூறிவிட்டு அடுத்த வேலைக்குச் சென்றுவிடுகிறோம். இந்த ஒரு வார்த்தை நம்மைப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிடுமா?

இக்கேள்வியை உங்களிடம் கேட்பதற்கு முன்னர் என்னிடமே கேட்க வேண்டிய நிலை எனக்கு ஏற்பட்டது. சில வருடங்களுக்கு முன் நான் இமாமாகப் பணிபுரிந்த ஓர் ஊரில், ரமழானின் நடுப்பகுதியில், எனக்கொரு குரல் பதிவு வந்தது. பக்கத்து நகரிலுள்ள ஒரு சாப்பாட்டுக் கடையில் முறைப்படி அறுக்கப்படாத கோழி இறைச்சி பாவிக்கப்படுவதாக ஒருவர் மிகுந்த கவலையோடு பேசியிருந்தார். கூடவே அந்தக் கடையின் பெயர்ப் பலகையைக் காட்டும் படமொன்றும் இருந்தது. மக்கள் ஹராமான உணவை உண்டுவிடக் கூடாதே என்ற எண்ணத்தில், "அல்லாஹ் நம்மைப் பாதுகாப்பானாக" என்று எழுதி மூன்று குழுக்களுக்கு அதை அனுப்பினேன். அனுப்புவதற்கு எனக்கு எடுத்த நேரம் அரை நிமிடம் கூட இல்லை.

நான்காம் நாள் தராவீஹ் தொழுகை முடிந்த பின்னர் அந்தக் கடை உரிமையாளர் என்னைத் தேடி மஸ்ஜிதுக்கு வந்தார். கோழி வாங்கிய பற்றுச்சீட்டுகளை ஒரு பையில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். அவர் சத்தம் போடவில்லை. "மௌலவி, அதில பேசினது யாரென்று எனக்குத் தெரியாது. அனுப்பினது நீங்க என்று மட்டும் எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

விசாரித்துப் பார்த்தபோது, அக்குரல் பதிவில் எந்தக் கடையின் பெயருமே சொல்லப்பட்டிருக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். வேறெங்கோ, வேறெப்போதோ பேசப்பட்ட ஒன்றுடன் யாரோ அந்தப் படத்தைச் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். நான் அதே மூன்று குழுக்களுக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ஜும்ஆவுக்குப் பின்னர் மக்கள் முன்னிலையிலும் அறிவித்தேன். அவர் என்னை மன்னித்தார். ஆனால் இப்தார் வேளைக்காகப் புதிதாகச் சேர்த்திருந்த இரு வேலையாட்களை அவர் அதற்குள் நிறுத்திவிட்டிருந்தார். பெருநாளைக்குப் பத்து நாட்கள் இருக்கையில் அவ்விரு குடும்பங்களும் வருமானத்தை இழந்தன. ஒரு வருடத்தின் பின்னர் தூரத்து ஊரொன்றிலிருந்து ஒருவர் என்னை அழைத்து, "அந்தக் கடையில் சாப்பிடலாமா ஹஸ்ரத்?" என்று கேட்டார். அந்தக் குரல் பதிவு அப்போதுதான் அவருக்கு வந்திருக்கிறது. எனது மன்னிப்பு அவருக்கு வந்து சேரவே இல்லை.

சகோதரர்களே! அரபுக் கல்லூரியில் நாங்கள் ஹதீஸ் கலையைக் கற்றபோது முதன்முதலில் சொல்லித்தரப்பட்டது ஸனத், அதாவது அறிவிப்பாளர் வரிசை என்பதாகும். ஒரு செய்தி ஸஹீஹானது என்று ஏற்கப்பட வேண்டுமானால் அறிவிப்பாளர் வரிசை இடையில் அறுபடாதிருக்க வேண்டும். ஒவ்வோர் அறிவிப்பாளரும் நேர்மையாளராகவும், கேட்டதைச் சரியாக மனதில் பதித்துக்கொள்ளும் ஆற்றல் உள்ளவராகவும் இருக்க வேண்டும். அவரைவிட உறுதியானவர்களின் அறிவிப்புக்கு அது முரண்படக் கூடாது. மறைவான குறையும் அதில் இருக்கக் கூடாது. ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரழி) அவர்கள் ஒரேயொரு ஹதீஸை அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரழி) அவர்களிடம் நேரில் கேட்டறிவதற்காக ஒரு மாத காலம் பயணம் செய்து ஷாம் தேசத்துக்குச் சென்றார்கள். கேட்டதையெல்லாம் ஆராயாமல் சொல்லித் திரிவது ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்ற கருத்திலமைந்த நபிமொழியை இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தமது தொகுப்பின் முன்னுரையிலேயே பதிந்து வைத்தார்கள்.

அந்த மரபின் வாரிசுகள் நாம். நமக்கு வரும் வட்ஸ்அப் செய்தியின் ஸனத் என்ன? "முன்னனுப்பப்பட்டது" என்ற சிறு அடையாளம் மாத்திரமே. யார் முதலில் எழுதினார், எந்த ஊரில், எந்த வருடத்தில் என்பதெல்லாம் அதில் இல்லை. அடையாளத்தில் இரட்டை அம்புக்குறி காணப்பட்டால், அச்செய்தி ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தடவைகள் கைமாறி வந்திருக்கிறது என்பது பொருள். நம்மில் சிலர் அதைக் கண்டு, "இத்தனை பேர் அனுப்பியிருக்கிறார்கள், உண்மையாகத்தான் இருக்கும்" என்று எண்ணுகிறோம். உண்மையில் அது எச்சரிக்கைக் குறியாகும். 2019 ஜனவரியில் ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதவாறு அந்நிறுவனம் உலகெங்கும் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில் இரட்டை அம்புக்குறியுள்ள செய்திகளை ஒரு தடவையில் ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று மேலும் இறுக்கியது. வியாபார நிறுவனமொன்றுக்கே இதன் ஆபத்து புரிந்திருக்கும்போது நமக்குப் புரியாதிருக்கலாமா?

இன்னொன்றையும் விளங்கிக்கொள்ளுங்கள். பத்திரிகைக்கு ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். வானொலிக்குப் பொறுப்பாளர் இருக்கிறார். வட்ஸ்அப் செய்திகளோ அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் மட்டுமே தெரியும்படி மறைகுறியாக்கம் செய்யப்பட்டவை. நிறுவனம் கூட அவற்றை வாசிப்பதில்லை. நம் அந்தரங்கத்துக்கு அது நல்ல பாதுகாப்பு. ஆனால் அங்கே ஆசிரியரும் நீங்கள்தான், பொறுப்பாளரும் நீங்கள்தான் என்பதே அதன் மறுபக்கம். "பிழையென்றால் அழித்துவிடலாம்" என்றும் ஆறுதல் கொள்ளாதீர்கள். நீங்கள் அனுப்பியதைச் சுமார் இரண்டு நாட்கள் வரை எல்லோருக்குமாக அழிக்கலாம். ஆனால் அதற்கிடையில் அதைப் பெற்றவர் பிறருக்கு அனுப்பிய பிரதி அழியாது.

பொய்ச் செய்தியின் கொடுமை என்னவென்பதை இந்நாட்டு முஸ்லிம்களுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கறியில் காணப்பட்ட மாக்கட்டி, மலட்டுத்தன்மையை ஏற்படுத்தும் மாத்திரை என்று பரப்பப்பட்டது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுப்பொருள்தான் என்று அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் பின்னர் அறிவித்தது. ஆனால் பொய் அதற்கு முன்பே ஓடி முடித்துவிட்டது. அடுத்த சில நாட்களில் கண்டி மாவட்டத்தில் திகனையிலும் சுற்றுப்புறங்களிலும் வன்முறை வெடித்து உயிரும் உடைமையும் அழிந்தன. மார்ச் 7ஆம் திகதி முகநூல், வட்ஸ்அப், வைபர் போன்றவற்றை அரசாங்கம் தற்காலிகமாகத் தடைசெய்ய நேரிட்டது. அக்காலத்தில் தமது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது. எரிந்த கடைகளுக்கு இரண்டு வருடங்கள் கழித்து வந்த மன்னிப்பு அது.

அன்று அந்தப் பொய்யைப் பகிர்ந்தவர்கள் எல்லோரும் கையில் தீப்பந்தம் ஏந்தியவர்களல்லர். அவர்களிலும் பலர், "வந்ததை அனுப்பினேன்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர்களுடைய அந்தப் பதிலை நாம் ஏற்றுக்கொள்வோமா? ஏற்கமாட்டோமானால், நாம் அண்டை வீட்டாரைப் பற்றியோ, மாற்று மதச் சகோதரரைப் பற்றியோ, நம் கருத்துக்கு மாறான ஓர் ஆலிமைப் பற்றியோ ஒன்றைப் பரப்பிவிட்டு அதே பதிலைச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் மீது அவதூறு கிளப்பப்பட்ட நிகழ்ச்சியை நீங்கள் அறிவீர்கள். அதைத் தூண்டிவிட்டவன் நயவஞ்சகர்களின் தலைவன் அப்துல்லாஹ் இப்னு உபை. ஆனால் அதை நாவிலே எடுத்துச் சென்றவர்களுள் மிஸ்தஹ் (ரழி) அவர்களும் ஒருவர். அவர் யார்? பத்ருப் போரில் கலந்துகொண்ட ஸஹாபி. அபூபக்ர் (ரழி) அவர்களின் உறவினர். அவர்களின் உதவியில் வாழ்ந்தவர். நல்ல மனிதர்தான், எனினும் கேட்டதைச் சொன்னார். ஏறத்தாழ ஒரு மாத காலம் நபியவர்களின் வீடு துயரத்தில் ஆழ்ந்தது. ஸூரா அந்நூரின் வசனங்கள் இறங்கியபோது பொய்யைப் புனைந்தவன் மட்டுமன்றி, அதை இலேசாக எண்ணி வாய்க்கு வாய் எடுத்துச் சென்றவர்களும் கண்டிக்கப்பட்டார்கள். அபூஅய்யூப் அல்அன்ஸாரீ (ரழி) அவர்களும் அவர்களது மனைவியும் அச்செய்தி தமது வீட்டுக்கு வந்தபோது அங்கேயே அதை நிறுத்திவிட்டார்கள். அதே மதீனா, அதே செய்தி. ஒரு வீட்டிலிருந்து அது வெளியே சென்றது, இன்னொரு வீட்டிலே நின்றுவிட்டது. நம் வீடு இவ்விரண்டில் எது?

ஆகவே, செய்தியொன்று கைக்கு வந்தால் என்ன செய்வது?

முதலாவதாக, திகதியும் இடமும் உண்டா என்று பாருங்கள். "அவசரமாக இரத்தம் தேவை" என்ற செய்திகள் பல மாதங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நோயாளி குணமடைந்திருப்பார், அல்லது வஃபாத்தாகியிருப்பார். தந்தையை இழந்த வீட்டுக்கு அழைத்து, "இன்னும் இரத்தம் வேண்டுமா?" என்று கேட்பது எவ்வளவு பெரிய நோவினை! அனுப்புவதற்கு முன் அந்த இலக்கத்துக்கு நீங்களே ஓர் அழைப்பு எடுத்துப் பாருங்கள். உதவி தேவைப்படாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவதாக, படமாயின் அதைக் கூகுள் லென்ஸ் போன்ற வசதியில் இட்டுத் தேடுங்கள். வேறு நாட்டில், வேறு வருடத்தில் எடுக்கப்பட்ட படம் என்பது பல வேளைகளில் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். குரலையும் காணொளியையும் மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள். ஒருவர் பேசாததை அவரது குரலிலேயே பேசவைக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்று எல்லோருக்கும் கிடைக்கின்றன.

மூன்றாவதாக, ஒருவரைப் பற்றிய குற்றச்சாட்டாயின் அவரிடமே கேளுங்கள், அல்லது உரிய இடத்தில் முறையிடுங்கள். நான் அந்தக் கடைக்கு நேரில் சென்றிருந்தால் அரை மணித்தியாலத்தில் உண்மை தெரிந்திருக்கும்.

நான்காவதாக, அது உண்மையே ஆனாலும் அனுப்பத்தான் வேண்டுமா என்று கேளுங்கள். பொய்யைப் பரப்பினால் அவதூறு. உண்மையான குறையைத் தேவையின்றிப் பரப்பினால் புறம். இரண்டிலிருந்தும் தப்புவது மௌனத்தால்தான்.

"இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் நற்செய்தி வரும், அனுப்பாவிட்டால் சோதனை வரும்" என்று மார்க்கத்தின் பெயரால் வருபவற்றுக்கும் இதே அளவுகோல்தான். மதீனாவின் ஷைக் அஹ்மத் கண்ட கனவு என்ற துண்டுப்பிரசுரம் தொலைபேசி வருவதற்கு முன்பே கையெழுத்திலும் அச்சிலும் உலகைச் சுற்றியது. அறிஞர் ரஷீத் ரிழா அவர்களும், பிற்காலத்தில் ஷைக் இப்னு பாஸ் அவர்களும் அதை மறுத்து எழுதினார்கள். அன்று பிரதியெடுக்கக் காசும் நேரமும் வேண்டும். இன்று ஒரு விரல் போதும். ஆகவே இன்று கூடுதலான பேணுதல் வேண்டும்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகள் தொலைபேசியில் என்ன பார்க்கிறார்கள் என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். அது நியாயமானதே. ஆனால் நீங்கள் என்ன அனுப்புகிறீர்கள் என்பதைப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பொய் பேசாதே என்று கற்பித்த உம்மாவின் தொலைபேசியிலிருந்து பொய்யொன்று குடும்பக் குழுவுக்கு வந்தால், அந்தப் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

இளைஞர்களே! உங்கள் வாப்பாவோ, பெரியம்மாவோ பிழையான ஒன்றை அனுப்பிவிட்டால் குழுவில் எல்லோர் முன்னிலையிலும் சிரிப்புக் குறி போட்டு அவமதிக்காதீர்கள். பக்கத்தில் அமர்ந்து, எப்படித் தேடிப் பார்ப்பது என்று காட்டிக்கொடுங்கள். நடக்கப் பழகும்போது அவர்கள் உங்கள் விரலைப் பிடித்தார்கள். இப்போது இந்தப் புதிய வழியில் அவர்களின் விரலை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். குழுக்களை நிர்வகிப்பவர்களே, மூலம் தெரியாத குற்றச்சாட்டுகள் இங்கே பதியப்படமாட்டா என்று ஒரு விதியை இன்றே எழுதிவிடுங்கள்.

ஏற்கனவே ஏதேனும் ஒன்றைப் பரப்பிவிட்டவர்கள் இருந்தால், அல்லாஹ்விடம் பாவமன்னிப்புக் கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அது அடியானின் உரிமையோடு சம்பந்தப்பட்டது. அனுப்பிய அதே இடங்களில் திருத்தத்தையும் அனுப்புங்கள். பாதிக்கப்பட்டவரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேளுங்கள். அது மிகவும் கஷ்டமானது என்பதை நான் அனுபவித்து அறிவேன். ஆனால் மறுமையில் அவர் நம்மைத் தேடி வருவதைவிட, இங்கே நாம் அவரைத் தேடிச் செல்வது இலகுவானது.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளைப் பாதுகாப்பது போன்று எங்கள் விரல்களையும் பாதுகாப்பாயாக. எங்களால் மானம் இழந்தவர்களுக்கும் வாழ்வாதாரம் இழந்தவர்களுக்கும் அதைவிடச் சிறந்ததைக் கொடுப்பாயாக. எங்கள் வீடுகளைப் பொய் வந்து நின்றுவிடும் வீடுகளாக ஆக்குவாயாக. ஆமீன்.