மக்காச்சோளம் தின்ற மாட்டைக் காப்பது எப்படி?



மார்கழி, தை மாதங்களில் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் எந்தப் பக்கம் போனாலும் மக்காச்சோளம்தான். வேப்பந்தட்டை, வேப்பூர், ஆலத்தூர் பக்கத்து ஊர்களில் களத்திலே கதிர், மாடியிலே மணி, ரோட்டோரத்திலே தார்ப்பாய் விரித்துக் காயப் போட்டிருப்பார்கள். இதே சமயத்தில்தான் மாட்டுப் பொங்கலும் வருகிறது. ராத்திரியில் கயிறு அவிழ்ந்த கறவை மாடு அம்பாரத்தில் வாய் வைத்துவிடுகிறது. அல்லது, மீந்த பொங்கல் சோற்றைக் குண்டானோடு நாமே எடுத்துப் போய் வைத்துவிடுகிறோம். இரண்டிலும் வருகிற ஆபத்து ஒன்றுதான்.

அந்த ஆபத்து எப்படி வருகிறது என்று பார்ப்போம். மாட்டின் பெருவயிறு இடப்பக்கம் இருக்கிறது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்து தீவனத்தைச் செரிக்க வைக்கின்றன. அவை வைக்கோலையும் தட்டையையும் நிதானமாகச் செரிப்பதற்குப் பழகியவை. பழக்கமில்லாத மாடு ஒரே வேளையில் மணியையோ சோற்றையோ வயிறு முட்டத் தின்றால், அதில் உள்ள மாவுச்சத்து வேகமாகப் புளித்து அமிலமாகிவிடும். அந்தப் புளிப்பில் நல்ல நுண்ணுயிர்கள் செத்துப்போகும். உடம்பில் உள்ள தண்ணீரெல்லாம் பெருவயிற்றுக்குள் இறங்கும். ரத்தம் கெட்டிப்படும். அமிலம் ரத்தத்திலும் ஏறும். மாட்டைக் கொல்வது இந்தப் புளிப்புத்தான். ஆட்டுக்கும் இதே கதிதான்.

இதிலே ஒரு சூது இருக்கிறது. தின்ற உடனே மாடு நன்றாகத்தான் நிற்கும். "நல்லாத்தானே நிக்குது, காலையில பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் தின்று அரை நாளிலிருந்து ஒன்றரை நாளுக்குள்தான் குணம் தெரியும். அசை போடுவது நிற்கும். பல்லை நறநறவென்று கடிக்கும். வயிறு கனத்து, தொட்டால் தளதளவென்று இருக்கும். புளிச்ச வாடையோடு கழிச்சல் போகும். அதில் முழு மணி கிடக்கும். கண் குழி விழும். குடிகாரனைப் போலத் தள்ளாடும். படுத்துவிட்டால் எழுப்புவது கஷ்டம். ஆகவே, மாட்டைக் காப்பாற்றுகிற நேரம் அது நன்றாக நிற்கிற நேரம்தான். தின்றது தெரிந்தாலே போதும், டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள்.

அவர் வருவதற்குள் நாம் செய்ய வேண்டியது என்ன? மிச்ச தானியத்தை அப்புறப்படுத்துங்கள். தொட்டித் தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்க விடாதீர்கள்; கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுங்கள். நல்ல காய்ந்த வைக்கோல் போடுங்கள். நிற்கிற மாட்டை மெதுவாக நடத்துங்கள். டாக்டரைப் போனில் கேட்டுக்கொண்டு, பெரிய மாட்டுக்கு 100 முதல் 150 கிராம் சமையல் சோடாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம். ஊற்றும்போது தலையை வானத்தைப் பார்க்கத் தூக்கக் கூடாது, நாக்கைப் பிடித்து இழுக்கக் கூடாது. கடைவாய் வழியாக, விழுங்க விட்டு விட்டு ஊற்ற வேண்டும். புரையேறினால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். படுத்துவிட்ட மாட்டுக்கு வாய் வழியாக எதுவுமே வேண்டாம். அது ஒருக்களித்துச் சாய்ந்துவிடாமல், நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டையை முட்டுக் கொடுங்கள்.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். மண்ணெண்ணெய், சாராயம் எதுவும் ஊற்றாதீர்கள். வயிற்றில் சூடு போடாதீர்கள். கத்தியால் குத்திக் காற்றை எடுக்கிறேன் என்று யார் வந்தாலும் விடாதீர்கள்.

பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண்ணில் கூப்பிடலாம். நிலைமை முற்றினால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். 1985-இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் பெரம்பலூரிலிருந்து துறையூர் வழியாகப் போகலாம். 2012-இல் தொடங்கிய ஒரத்தநாடு கல்லூரி அரியலூர்க்காரர்களுக்குத் தஞ்சாவூர் தாண்டி இருக்கிறது. வண்டியில் கனமாக வைக்கோல் பரப்புங்கள். நன்றாகத் தெரிந்த ஆள் கூடப் போக வேண்டும். எப்போது தின்றது, எவ்வளவு தின்றது, எத்தனை மாதச் சினை, என்ன மருந்து ஊற்றினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று மறைத்தால் நஷ்டம் மாட்டுக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் வழியாகப் பாட்டில் பாட்டிலாக மருந்து நீர் ஏற்றுவார்கள். புளிப்பை முறிக்கிற மருந்தும் கொடுப்பார்கள். குழாய் விட்டுப் பெருவயிற்றைக் கழுவுவதும் உண்டு. மிஞ்சிப் போனால் இடது விலாவுக்குப் பின்னால் அறுத்து, உள்ளே இருக்கிற தானியத்தை அள்ளி வெளியே எடுத்துவிட்டுத் தைப்பார்கள். நல்ல மாட்டின் பெருவயிற்று நீரை எடுத்து நோயுற்ற மாட்டுக்கு விடுவதும் உண்டு. செத்துப்போன நுண்ணுயிருக்குப் பதில், விதை நெல் போடுவது மாதிரி. "அறுத்தா மாடு பிழைக்குமா?" என்று பயந்து ஒருநாள் தள்ளிப் போட்டால், அறுத்தும் பயனில்லாமல் போய்விடும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உங்கள் வேலை ஆரம்பம். மாட்டின் பின்னால் நின்றால், நம் இடக்கைப் பக்கம் விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு பள்ளம் தெரியும். அதில் உள்ளங்கையை அழுத்தி வையுங்கள். நல்ல மாட்டுக்கு நிமிடத்திற்கு ஒன்று அல்லது இரண்டு தடவை வயிறு புரண்டு கையைத் தள்ளும். தினமும் காலையிலும் மாலையிலும் இதைப் பாருங்கள். அசை போட ஆரம்பித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

முதலில் வைக்கோலும் கொஞ்சம் பசும்புல்லும் மட்டும். தவிடு, புண்ணாக்கு, மாவு எதையும் டாக்டர் சொல்லும் வரை தொடாதீர்கள். பிறகு தினம் ஒரு கைப்பிடி கூட்டி, பத்துப் பதினைந்து நாளில் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். தையல் போட்டிருந்தால் ஈ மொய்க்காமல், மாடு நக்காமல் பாருங்கள். சில மாடுகளுக்குச் சில நாள் கழித்துக் குளம்பு வீங்கி நொண்டும். சினை மாடு கன்று வீசவும் கூடும். எது நடந்தாலும் உடனே தெரிவியுங்கள். எத்தனை நாள் பாலை சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது என்பதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வந்தபின் ஓடுவதைவிட, வராமல் பார்ப்பது சுலபம். அறுவடை முடிகிற வரை ராத்திரியில் கயிற்றையும் முளைக்குச்சியையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அம்பாரத்தைச் சுற்றி முள் கட்டுங்கள். மெஷின் அடித்த களத்தில் சிதறிய மணியைக் கூட்டி அள்ளிய பிறகே ஆட்டையும் மாட்டையும் விடுங்கள். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசுங்கள், மாலை போடுங்கள். பொங்கலை மட்டும் ஒரு கவளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு கறவை மாடு போனால், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவும் மளிகைக் கடன் அடைக்கிற காசும் அதோடு போய்விடும். ஆகவே, தின்ற மாடு நன்றாக நிற்கிறதே என்று உட்காராதீர்கள். அது நிற்கும்போதே ஓடுங்கள்.