எள்ளலும் இளமையும்



பொங்கலன்று நம் தில்லிக் காலனி வீடுகளில் சுற்றமெல்லாம் கூடுவது வழக்கம். அங்ஙனம் இவ்வாண்டு எம் இல்லத்தில் நிகழ்ந்ததொன்றைச் சொல்ல விழைகின்றோம்.

இலைமுன் அமர்ந்த ஆறு வயதுப் பேரன், "தாத்தா, வாலைப்பலம் வேணும்" என்றான். "வாலும் பலமும் அனுமாருக்கல்லவோ உண்டு, உனக்கெதற்கடா?" என்றோம். கூடமே சிரித்தது. அவன் மட்டும் சிரித்தானில்லை. மாலை வரையில் எதைக் கேட்பினும் இந்தியிலேயே விடையிறுத்தான்.

நகை பிறத்தற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடமை என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும். இளமை கண்டு நகைத்தோமென யாம் எண்ணினோம். அவனோ அதனை எள்ளலென்றே கொண்டான். இந்தியில் ழகர ஒலி இல்லை. பகலெல்லாம் அம்மொழி பேசும் நாவிற்கு அஃது எளிதில் வருமோ?

இரவு தேநீர் அருந்துகையில், "சாய் அச்சா ஹை" என்றோம். "'அச்சா' இல்லை தாத்தா, 'அச்சீ'!" எனக் கைகொட்டி நகைத்தான் பேரன். இந்தியில் தேநீர் பெண்பாலாம். முப்பதாண்டு தில்லியில் வாழ்ந்தும் யாம் அதனைப் பேணினோமில்லை! யாமும் உடன் நகைத்தோம். "நீ எனக்கு இந்தி சொல்லிக்கொடு, நான் உனக்கு ழகரம் சொல்லித்தருகிறேன்" என உடன்படிக்கை செய்துகொண்டோம். இன்று அவன் "வாழைப்பளம்" வரை வந்துவிட்டான்!

அன்பர்களே! பேரப்பிள்ளைகளைக் கேலி செய்வது பாட்டன் பாட்டியரின் உரிமை. அவ்வுரிமையை அவர்களுக்கும் அளிப்போமாக. உடன் நகைக்கும் வீட்டில் தமிழ் தங்கும்; எள்ளி நகைக்கும் வீட்டில் பிள்ளையின் வாய் மூடிக்கொள்ளும்.