எலும்பின் வரவும் செலவும்



குழந்தையின் பாற்பல் விழுந்தால் அதைச் சாணத்திற் பொதிந்து கூரைமேல் எறிவது கிராம வழக்கம். எறியுமுன் அப்பல்லை உற்று நோக்குக. அதில் வேர் பெரும்பாலும் இராது. அது ஒடிந்துபோகவில்லை; கீழிருந்து நிலைப்பல் எழும்புகையில், சில ஜீவ அணுக்கள் அவ்வேரைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிட்டன.

எலும்பிலும் இவ்வேலை ஓயாது நடைபெறுகின்றது. கரைக்கும் அணுக்களுக்கு 1873-ஆம் வருஷத்தில் கோலிக்கர் என்னும் பண்டிதர் 'ஆஸ்டியோகிளாஸ்ட்' என்று பெயரிட்டார். கட்டும் அணுக்கள் 'ஆஸ்டியோபிளாஸ்ட்' எனப்படும். வளர்ந்தவரின் எலும்பில் வருஷந்தோறும் சுமார் பத்தில் ஒரு பங்கு இவ்வாறு புதுப்பிக்கப்படுகின்றது.

தேகத்தின் சுண்ணாம்புச் சத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலுமே உள்ளது. இரத்தத்தில் அது குறைந்தால் எலும்பாகிய சேமிப்பிலிருந்தே எடுக்கப்படும். வரவினும் செலவு மிகுந்த சங்கத்தின் கதியே அவ்வெலும்புக்கும் நேரும். மாதவிடாய் நின்ற ஸ்திரீகளுக்கு இச்செலவு அதிகம்.

ஈற்றில் அழுக்குப் படிந்து, வீங்கி, இரத்தங் கசிவதைக் கவனியாது விட்டால், பல்லைத் தாங்கும் தாடையெலும்பு நாளடைவில் கரையக்கூடும். பல் ஆடுவதை வயோதிகத்தின் குணமென்று விட்டுவிடலாகாது. அவ்வாறு இழந்த எலும்பு தானாக மீளாது.

ஆதலின் தினம் இருமுறை பல் துலக்குக, புகையிலையை விலக்குக. கேழ்வரகு, பால், கீரை ஆகியவற்றை உண்க. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஈற்றில் இரத்தங் கண்டவுடன் பல் வைத்தியரிடம் காட்டுக. கையிருப்பு உள்ளபோதே கணக்குப் பார்ப்பது நலம்.