காதுக்குள் அடிப்பது பேயா, நாடியா?

(மேலூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



நான் டாக்டருமல்ல, காலேஜில் வாசித்தவனுமல்ல. என் மதினியார் பட்ட பாட்டினால் கேட்டும் படித்தும் அறிந்ததையே சொல்லுகிறேன். நான் சொல்லுவதால் நம்பிவிடாதீர்கள். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மதினியாருக்கு ஐம்பது வயதிருக்கும். ஊர் அடங்கியதும் வலது காதில் உலக்கை குத்துவது போன்ற சத்தம். கோடாங்கியிடம் போனார். செத்துப்போன மாமியார், அதாவது என் தாயார், கூப்பிடுகிறார் என்றான். ஒரு சேவலும் பணமும் போயின. பிறகு வெள்ளியில் காது உருவம் செய்து உண்டியலில் போட்டார். சாமிக்கு ஒரு காது அதிகமாயிற்றே தவிர, மதினியாருக்குக் காது கேட்பது குறைந்துகொண்டே வந்தது. கடைசியில், குறும்பி எடுப்பவன் ஒருவன் உள்ளே சிவப்பாகத் தெரிந்ததைச் சதையென்று இடுக்கியால் பிடித்திழுத்தான். ரத்தம் நிற்கவேயில்லை. துணியைத் திணித்துக்கொண்டு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம்.

நிற்க, அது என்ன? செவிப்பறைக்குப் பின்னாலுள்ள சிறு அறை நடுக்காது. அங்கேயும், அதற்கடியில் கழுத்துக்கு ரத்தம் இறங்கும் பெரிய நாளத்தருகிலும், கண்ணுக்குத் தெரியாத முண்டுகள் உண்டென்று 1941-ல் அமெரிக்காவில் கில்டு என்பவர் எடுத்துக்காட்டினார். அவைபோன்றவற்றிலிருந்து வளர்ந்த கட்டியைப்பற்றி 1945-ல் டாக்டர் ரோசன்வாசர் தெரிவித்தார். குளோமஸ் கட்டி என்பது இதன் பெயர். ரத்தக்குழாய்கள் நிறைந்ததாதலால் இருதயம் அடிக்கும்போதெல்லாம் துடிக்கிறது. காதுக்குக் கேட்பது அதுதான். என் தாயார் கூப்பிட்டால் நாடிக்குத் தாளம் தப்பாமலா கூப்பிடுவார்? மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு சத்தத்தை எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒன்றானால் டாக்டரிடம் போங்கள். சோகை, ரத்தக்கொதிப்பு இவைகளாலும் அப்படிக் கேட்கலாமாதலால், வீண் பயமும் வேண்டாம்.

டாக்டர் விளக்குக் குழலால் பார்க்கிறார். செவிப்பறைக்குப் பின் சிவப்பு தெரிந்தால், ரப்பர்க் குண்டினால் மெல்லக் காற்றழுத்துகிறார். சிவப்பு வெளுத்தால் சந்தேகம் வலுக்கிறது. ரத்தம் பீறிடுமாதலால் கிள்ளிப் பார்ப்பதில்லை. சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் கட்டியின் எல்லையைக் காட்டிவிடுகின்றன.

சிறியதைக் காது வழியாகவே எடுத்துவிடலாம். பெரியதென்றால், தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழலைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் ரத்தத்தை முதலில் அடைத்துவிட்டுப் பிறகு ரணசிகிச்சை செய்கிறார்கள். முகத்தை அசைக்கும் நரம்பும், விழுங்கவும் பேசவும் உதவும் நரம்புகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆகவே சிலருக்கு வெட்டாமல் கதிர் சிகிச்சையால் வளர்ச்சியை நிறுத்துவார்கள். வயோதிகர்களுக்கு அவ்வப்போது படமெடுத்துக் கவனித்து வருவதுமுண்டு. பெரும்பாலும் இது புற்றல்ல, மெதுவாக வளருவது. சில குடும்பங்களில் பரம்பரையாக வருவதால் உறவினரும் பார்த்துக்கொள்வது நலம்.

மதினியாருக்குச் சத்தம் நின்றுவிட்டது. போன கேள்வி முழுதும் திரும்பவில்லை. நாலு வருஷம் வீணாக்கியதன் கூலி அது. கோடாங்கியை மட்டும் வைது என்ன பிரயோஜனம்? மேடை மேடையாய்ப் பேசுகிற நான், "காதில் அடிக்கிறதே தம்பி" என்று அவர் சொன்னபோதெல்லாம் "வயசானால் அப்படித்தான்" என்று துண்டை உதறிக்கொண்டு போனேன். பணம் வாங்கிக்கொண்டாவது கோடாங்கி உட்கார்ந்து கேட்டான்! வீட்டில் கேட்பாரில்லாத பெண், கேட்கிறவனைத் தேடித்தானே போவாள்?

இந்தக் கட்டி ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. ஆதலால் தோழர்களே, மூடநம்பிக்கையை ஒழிக்கப் புறப்படுமுன், வீட்டுப் பெண்கள் சொல்லுவதற்குக் காது கொடுங்கள்.