சாலையில் கண்ட நகை

(பொன்னமராவதியில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்தவர் தொல்காப்பியர். அந்தத் துணிவில், சென்னையில் உருவாகித் தமிழகச் சாலைகளில் ஓடி மறைந்த ஒரு காரைப் பற்றி இவ்வவையில் பேசலாம்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த வண்டி. அதற்கு வடிவம் தந்தவர் இத்தாலியரான மிச்செலோட்டி. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை அதனைச் செய்தது. பெரும்பாலான கார்களில் பானெட் மட்டுமே திறக்கும். ஹெரால்டிலோ விளக்கும் மட்கார்டும் உட்பட முகம் முழுவதும் முன்புறமாகச் சாய்ந்து திறக்கும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மீதே அமர்ந்து வேலை பார்ப்பார். தொலைவிலிருந்து காண்போர்க்கு, முதலையின் வாய்க்குள் ஒருவர் அமர்ந்து அதன் தொண்டைக்கு மருத்துவம் செய்வதுபோலத் தோன்றும்.

பின்சக்கரங்களின் கதை வேறு. அவற்றின் அச்சு இரு பாதிகளாகத் தனித்தனியே அசைவது. கொன்னையூர் மாரியம்மன் பங்குனித் திருவிழாவுக்கென ஒரு குடும்பமே ஏறிக்கொண்டால், சுமை மிகுந்த கழுதைபோல வண்டி கால் பரப்பி நிற்கும். எல்லாரும் இறங்கியதும் கால்களை ஒடுக்கிக்கொள்ளும்.

இந்த நகைப்பினுள் ஒரு செய்தியும் உண்டு. இங்கிலாந்தில் ஹெரால்டு இருகதவுக் காராகவே இருந்து 1971இல் நின்றுபோயிற்று. நான்கு கதவு ஹெரால்டு பிறந்தது இந்தியாவில்தான். முன்னிருக்கையை மடக்கிப் பாட்டியைப் பின்னால் ஏற்றிய வீட்டார்க்கு அக்கதவுகளின் அருமை விளங்கும்.

சொல்லுக்கும் இதே வரலாறு உண்டு. வேல்சு நாட்டு லனெல்லி நகரின் ஸ்டெப்னி தெருவில் 1904ஆம் ஆண்டளவில் செய்யப்பட்ட மாற்றுச் சக்கரத்திற்குத் தெருவின் பெயரே அமைந்தது. அங்கே வழக்கொழிந்த அச்சொல் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. வந்த பொருளும் வந்த சொல்லும் இம்மண்ணின் தேவைக்கேற்ப மாறி இம்மண்ணுக்கே உரியவாயின.

1985இல் அதே ஆலை ஸ்டாண்டர்டு 2000 என்னும் காரை வெளியிட்டது. உடல் ரோவரின் புதுவடிவம். உள்ளிருந்ததோ பழைய வேன்கார்டின் வழிவந்த எஞ்சின். பட்டுச் சட்டைக்குள் தாத்தாவின் இருமல்! மக்கள் அதனை ஏற்கவில்லை. 1980களின் இறுதியில் ஆலை மூடப்பட்டது. அங்கு உழைத்தவர்களை எண்ணும்போது நகை அழுகையாகிவிடுகிறது. மெய்ப்பாட்டு வரிசையில் நகைக்கு அடுத்தது அழுகைதானே!

2014இல் அம்பாசிடரின் உற்பத்தியும் நின்றது. இவ்வண்டிகளை ஓட்டியவர்களும் செப்பனிட்டவர்களும் முதுமை எய்தி வருகின்றனர். கவிஞர்கள் 'ஒரு கார் சென்றது' என்று மட்டும் எழுதிச் செல்வாராயின், அம்முதலையும் கழுதையும் அவர்களோடு மறைந்துபோகும். மழைமேகத்தையும் 'கார்' என்ற தமிழ், அக்காலத்துப் பூவை முல்லை என்று பெயர் சொல்லியே பாடியது. சாலையில் செல்லும் காருக்கும் அதன் பெயரைத் தருவது கவிஞர் கடன்.